56,640 ரூபாய்ச் சான்றிதழ்: மதுரையில் ஒரு சட்ட உதவியாளர் வேலைத் தேடல்

நான் மதுரையில் 22 ஆண்டுகள் வக்கீல் குமாஸ்தாவாக இருந்துவிட்டு ஓய்ந்தவன். ஞாயிற்றுக்கிழமை காலையில் தெரிந்தவர்கள் வேலை விஷயமாக யோசனை கேட்டு வருவார்கள். காசு வாங்குவதில்லை. ஆனால் யாருக்கு என்ன சொன்னேன், அது பலித்ததா பிசகியதா என்று நோட்டில் எழுதி வைப்பேன். இந்தக் குறிப்பு அந்த நோட்டிலிருந்து எடுத்தது. சம்பந்தப்பட்டவர் படித்துப் பார்த்துச் சரி என்ற பிறகே வெளியிடுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

பின்னணி

2023 ஜூன் இரண்டாவது ஞாயிறு. வந்தவருக்கு வயது 31. பி.காம். முடித்து இரண்டு வருடம் ஆடிட்டர் அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தவர். கல்யாணத்துக்குப் பிறகு எட்டு வருடம் வீட்டில். இரண்டாவது குழந்தை அந்த மாதம்தான் எல்.கே.ஜி. சேர்ந்திருந்தது. பகல் பொழுது கொஞ்சம் கைக்கு வந்ததும் மறுபடி வேலைக்குப் போகலாம் என்று முடிவு. கணவருக்கு வண்டி உதிரி பாகக் கடையில் மாதம் 19,000 ரூபாய். வீட்டு வாடகை 6,500.

கணக்கு வேலைக்குத் திரும்பப் போகப் பயம். ஜி.எஸ்.டி. வந்த பிறகு எல்லாம் மாறிவிட்டது என்றார். சட்டம் சார்ந்த அலுவலக வேலை பிடித்திருந்தது. அதற்கு ஏதாவது படிக்கலாமா என்று இணையத்தில் தேடியிருக்கிறார். தேடிய மறுநாளே வெளிமாநிலப் பயிற்சி நிறுவனம் ஒன்றிலிருந்து போன். அதற்கடுத்த நாள் மூன்று போன்.

“அண்ணே, இன்னைக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்குள்ள கட்டுனா இருபது சதவீதம் தள்ளுபடியாம். சீட்டைப் பிடிச்சு வைக்க இரண்டாயிரம் நேத்தே கட்டிட்டேன்” என்றார். மீதிக்குக் கழுத்தில் இருந்த மூன்று பவுன் சங்கிலியை வங்கியில் வைப்பதாக யோசனை. மாமியாருக்கு இன்னும் தெரியாது.

என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: கட்டலாமா, வேண்டாமா?

அந்தச் சான்றிதழ்

ஆறு மாதப் படிப்பு. வார இறுதியில் நேரலை வகுப்பு, ஆங்கிலத்தில். கட்டணம் 60,000, தள்ளுபடி போக 48,000, அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 8,640 சேர்த்து 56,640. ஒன்பது தவணையாகக் கட்டினால் மாதம் 6,293. வட்டி இல்லை என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். செயல்பாட்டுக் கட்டணம் என்று 1,500 ரூபாய் சின்ன எழுத்தில் இருந்தது.

பாடத்திட்டத்தை வரிவரியாகப் படித்தேன். ஒப்பந்தம் எழுதுதல், சட்டத் தேடல், அமெரிக்க வழக்குகளுக்கான மின் ஆவணப் பிரிப்பு, ஆவண மேலாண்மை. மோசமான பாடத்திட்டம் என்று சொல்ல மாட்டேன். யாரோ தெரிந்தவர் உட்கார்ந்து எழுதியதுதான். ஆனால் வக்காலத்து, பேட்டா (எதிராளிக்குச் சம்மன் அனுப்பக் கட்டும் கட்டணம்), நகல் மனு, வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரம்) ஆகிய நான்கில் ஒன்றுகூட அதில் இல்லை. மதுரையில் சட்ட அலுவலக வேலை என்றால் பாதி நாள் இந்த நான்கோடுதான் போகும்.

கடைசிப் பக்கத்தில் ‘வேலைவாய்ப்பு உதவி’ என்று இருந்தது. போனில் பேசிய பையன் ‘வேலை உறுதி’ என்றிருக்கிறான். அதை மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள் என்றேன். இரண்டு நாள் கழித்து வந்த பதிலில் மறுபடியும் ‘உதவி’ என்றுதான் இருந்தது.

விசாரித்தபோது தெரிந்தவை

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தெளிவுபடுத்திக்கொண்டோம். 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 29-ஆவது பிரிவுப்படி, வழக்குத் தொழில் நடத்த வழக்கறிஞராகப் பதிவு பெற்றவருக்கு மட்டுமே உரிமை. பதிவில்லாமல் செய்தால் 45-ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. ‘பாராலீகல்’, அதாவது சட்ட உதவியாளர், என்ற சொல்லுக்கு வெளிநாட்டில் இருக்கும் கனம் இங்கே கிடையாது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2007 முதல் அது உரிமம் பெற்ற தொழில். தேர்வு எழுதி உரிமம் வாங்கியவர் சிறு கோரிக்கை நீதிமன்றத்தில் கட்சிக்காரருக்காக நேரில் நின்று வாதாடலாம். அமெரிக்காவில் அப்படிப் பொதுவான உரிமம் இல்லாவிட்டாலும், அந்த நாட்டு வழக்கறிஞர் சங்கம் அங்கீகரித்த படிப்புகள் உண்டு, வேலை கொடுப்பவர்கள் அதைப் பார்ப்பார்கள். நம் ஊரில் இந்த வேலைக்கு உரிமம் தரும் அமைப்பு எதுவும் இல்லை. அதனால் எந்தச் சான்றிதழும் தானாக ஒரு உரிமையைத் தந்துவிடாது. வேலை கொடுப்பவர் மதித்தால்தான் அதற்கு மதிப்பு.

சரி, யார் மதிக்கிறார்கள்? மூன்று வாரம் பார்த்தோம். அவர் வேலைத் தளங்களையும் நாளிதழ்களையும் பார்த்தார். நான் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும், உலகனேரியில் உயர்நீதிமன்றக் கிளையிலும் பழைய ஆட்களிடம் வாய்வார்த்தையாகக் கேட்டேன். வக்கீல் அலுவலகங்களில் ஒருவர்கூடச் சான்றிதழைப் பற்றிக் கேட்கவில்லை. “தமிழ் டைப் அடிக்குமா? ஈ-ஃபைலிங் தெரியுமா? சாயங்காலம் ஏழு மணி வரைக்கும் இருக்குமா?” இவைதான் கேள்விகள். வெளிநாட்டு ஆவண வேலை செய்யும் நிறுவனங்கள் பெரும்பாலும் எல்.எல்.பி. கேட்டன. அதுவும் சென்னை, பெங்களூரு. மூன்றாவதாக, வீட்டுக்கடன் நிறுவனங்கள், சிறுகடன் நிறுவனங்கள், கட்டுமான நிறுவனங்களின் சட்டப் பிரிவு. இவற்றின் விளம்பரத்தில் ‘ஏதேனும் பட்டம், சட்ட அறிவு விரும்பத்தக்கது’ என்று இருந்தது. அந்த ‘விரும்பத்தக்கது’ என்ற சொல்லை நான் லேசாகத் தாண்டிப் போனேன். பின்னால் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது.

வேறு வழிகளும் மேஜைக்கு வந்தன. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலராகச் சேரலாம். பயிற்சி இலவசம், வேலை செய்த நாளுக்குச் சிறு மதிப்பூதியம் உண்டு. ஆனால் அது தொண்டு, மாதச் சம்பளத்துக்குப் பதில் ஆகாது. மூன்றாண்டு எல்.எல்.பி.க்கு அரசு சட்டக் கல்லூரி மதுரையிலேயே இருக்கிறது, கட்டணமும் அதிகமில்லை. ஆனால் அஞ்சல் வழியில் படிக்க முடியாது, பகலில் போய் வருகைப்பதிவு காட்ட வேண்டும். எல்.கே.ஜி. குழந்தை பன்னிரண்டரைக்கு வீட்டுக்கு வந்துவிடும். அதை ஒத்தி வைத்தோம்.

இன்னொன்று இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பாராலீகல் பட்டயப் படிப்பு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர் சேரலாம், குறைந்தது ஓராண்டு, கட்டணம் தனியார் கேட்டதைவிட வெகு குறைவு. பாடத்தைப் பார்த்தேன். இந்தியச் சட்ட அமைப்பு, நலிந்த பிரிவினருக்கான சட்டம், ஊரக உள்ளாட்சி. “நல்ல பாடம்தான், ஆனா ஆபீஸ் வேலைக்கு இது எதுக்கு?” என்று நானே தள்ளிவிட்டேன்.

கணக்கு

சம்பளத்தை வைத்துக் கணக்குப் போட்டோம். வக்கீல் அலுவலகத்தில் புதிதாகச் சேர்பவருக்கு எட்டாயிரம், ஒன்பதாயிரம். நிறுவனத்தின் சட்டப் பிரிவில் பதினான்காயிரத்தில் தொடக்கம். வித்தியாசம் மாதம் ஆறாயிரம் என்று வைத்தால், 56,640 ரூபாயைத் திரும்ப எடுக்க ஒன்பதரை மாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சான்றிதழ் இருந்தால் அந்த வேலை கிடைத்துவிடும் என்று எடுத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. அதற்கு ஆதாரம் ஒன்றும் கையில் இல்லை. இதே நிறுவனத்தில் படித்து மதுரை, திருநெல்வேலி, திண்டுக்கல் பக்கம் வேலைக்குப் போன ஒரே ஒருவருடைய தொடர்பைக் கொடுங்கள் என்று கேட்டார். குருகிராமிலும் பெங்களூரிலும் சேர்ந்தவர்களின் படங்களை அனுப்பினார்கள்.

கட்டணத்தில் அடங்காத செலவும் இருந்தது. மடிக்கணினி இல்லை; பழையது வாங்கினாலும் 24,000. நகைக்கடன் வட்டி ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து என்று வைத்தாலும் நாற்பதாயிரத்துக்கு நாலாயிரம். தவணையில் கட்டினால் மாதம் 6,293, அதாவது வீட்டு வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு. வாடகையும் தவணையும் போனால் நான்கு பேர் சாப்பாட்டுக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் சேர்த்து ஆறாயிரத்துச் சொச்சம்தான் மிச்சம். இந்தக் கடைசி வரியை அவரே எழுதினார். எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

முதல் முடிவு

கட்டவில்லை. முன்பதிவுக்குக் கொடுத்த இரண்டாயிரம் திரும்ப வரவில்லை. ‘திரும்பத் தரப்படாது’ என்ற வரி ரசீதிலேயே இருந்தது. தள்ளுபடி முடிந்து நான்கு நாள் கழித்து அதே தள்ளுபடி மறுபடி வந்தது.

அதற்குப் பதில் இரண்டு வேலை. ஒன்று, தெரிந்த சிவில் வக்கீலிடம் மூன்று மாதம் சோதனையாகச் சேர்வது, சம்பளம் 8,000. இரண்டு, தட்டச்சுப் பயிலகத்தில் சேர்ந்து தமிழ் இளநிலைத் தேர்வு எழுதுவது. காரணம் எளிது: வேலை பிடிக்குமா என்பது தெரியாமலேயே படிப்புக்குப் பணம் கட்டுவதைவிட, சம்பளம் வாங்கிக்கொண்டே தெரிந்துகொள்ளலாம். தட்டச்சுத் தேர்வை அரசு தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது, அரசு வேலைக்கும் செல்லும். கீழ் நீதிமன்றங்களில் மனுக்கள் தமிழில் நிறையப் போவதால் தமிழ்த் தட்டச்சு தெரிந்தவருக்கு வக்கீல் அலுவலகத்தில் தனி மரியாதை. ஒரு வேடிக்கை: தேர்வு பழைய தட்டச்சு இயந்திரத்தில், வேலை கணினியில். இரண்டு விசைப்பலகையும் விரல்களுக்குள் சண்டை போட்டதாகச் சொல்வார்.

அலுவலகத்தில் முதல் பதினான்கு மாதம்

2023 ஆகஸ்ட்டில் சேர்ந்தார். முதல் மாதம் வழக்குக் கட்டுகளை அவிழ்த்துக் கட்டுவதிலேயே போனது. எந்தக் காகிதம் எந்தக் கட்டில், வாய்தா நாட்குறிப்பை எப்படி எழுதுவது, எந்த அலுவலருக்கு எந்த நேரத்தில் போன் போடக்கூடாது. இரண்டாவது மாதம் ஈ-ஃபைலிங், அதாவது இணையம் வழியாகக் கோர்ட்டில் தாக்கல் செய்வது. ஸ்கேன் செய்து, பக்க எண் போட்டு, பி.டி.எஃப். கோப்பாக ஏற்றி, குறை சொல்லி ரிட்டர்ன் ஆனதைச் சரிசெய்து மறுபடி ஏற்றி, வழக்கின் 16 இலக்கச் சி.என்.ஆர். எண் வந்ததும் கட்சிக்காரருக்கு அனுப்புவது. ஆடிட்டர் அலுவலகப் பழக்கம் இங்கே கைகொடுத்தது. எதையும் எக்செல் தாளில் போட்டுப் பார்க்காமல் அவருக்குத் தூக்கம் வராது.

அந்தத் தாள்தான் 2024 மே மாதம் ஒரு வழக்கைக் காப்பாற்றியது. செக் திரும்பிய வழக்கு, செலாவணி முறிச் சட்டம் 138-ஆவது பிரிவு. செக் திரும்பியதாக வங்கி கொடுத்த மெமோ மார்ச் 4. நோட்டீஸ் மார்ச் 28-இல் அனுப்பப்பட்டது. 30 நாளுக்குள், சரி. எதிராளிக்குக் கிடைத்தது ஏப்ரல் 2. பணம் கட்ட அவருக்கு 15 நாள், ஏப்ரல் 17-உடன் முடிகிறது. 18-ஆம் தேதி வழக்கு மூலம், அதாவது புகார் போடும் உரிமை, பிறக்கிறது. அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் புகார் போட வேண்டும், அதாவது மே 18. அலுவலக நாட்குறிப்பில் ‘ஜூன் 3, கோர்ட் திறந்ததும்’ என்று எழுதியிருந்தது. மே மாதம் சிவில் கோர்ட்டுக்கு விடுமுறை, அந்த ஞாபகத்தில் யாரோ எழுதியது. ஆனால் இந்தப் புகார் போவது மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு. அதற்குக் கோடை விடுமுறை கிடையாது. இவர் தாளில் சிவப்புக் கட்டம் விழுந்ததும் மே 13-ஆம் தேதி கேட்டிருக்கிறார், “சார், இது சிவில் இல்லையே?” மறுநாளே தாக்கல் செய்தார்கள். தாமதமாகியிருந்தால் போதிய காரணம் காட்டித் தாமத மன்னிப்பு மனு போடலாம்தான். அது தனிச் செலவு, தனித் தலைவலி. கட்சிக்காரரிடம் பதில் சொல்வது அதைவிடப் பெரிய தலைவலி.

ஜூலை 1-ஆம் தேதி மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தபோது இன்னொரு தாள் போட்டார். பழைய பிரிவு, புதிய பிரிவு, எதிரெதிரே. பலர் இடறியது 482-இல். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 482 என்றால் வழக்கை ரத்து செய்யக் கேட்கும் மனு. புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 482 முன்ஜாமீன். ரத்து மனு 528-க்குப் போய்விட்டது. இருபது வருட அனுபவக்காரர்களே அந்த மாதம் “எந்த 482?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் தாளைப் பக்கத்து அறை வக்கீல்களும் நகல் எடுத்துப் போனார்கள்.

சம்பளம் எட்டிலிருந்து பதினொன்றாயிரம் ஆனது. தமிழ் இளநிலைத் தட்டச்சு தேறினார். நோட்டில் நான் ‘முடிவு சரி’ என்று எழுதிக் கோடு போட்டேன்.

என் கணிப்பு பிசகிய இடம்

2024 அக்டோபரில் வீட்டுக்கடன் நிறுவனம் ஒன்று மதுரைக் கிளைக்குச் சட்டப் பிரிவு உதவியாளர் வேண்டும் என்று விளம்பரம் செய்தது. மாதம் 18,000. வேலை விவரத்தைப் படித்தால் இவருக்கென்றே எழுதியது போல இருந்தது: பத்திர நகல் வாங்குவது, வில்லங்கச் சான்று சரிபார்ப்பது, செக் வழக்குகளின் தேதி பார்ப்பது. இணையத்தில் விண்ணப்பித்தார். படிவத்தில் ‘சட்டம் சார்ந்த கல்வி’ என்று ஒரு கட்டாயக் கட்டம். எல்.எல்.பி., பட்டயம், சான்றிதழ், எதுவுமில்லை. கடைசியைத் தேர்ந்தெடுத்தார். இருபது நிமிடத்தில் ‘தங்கள் விண்ணப்பம் பரிசீலிக்கப்படவில்லை’ என்று பதில். அனுபவம் எழுதிய பக்கத்தை யாரும் திறந்திருக்கவே முடியாது.

அன்று சாயங்காலம் வந்து சொன்னார். குறை சொல்லவில்லை. “அண்ணே, அந்தக் கட்டத்துல போட ஏதாவது ஒண்ணு இருந்திருந்தா உள்ளயாவது கூப்பிட்டிருப்பாங்க” என்றார். அவ்வளவுதான்.

நான் பார்த்தது குமாஸ்தாவின் கண்ணால். என் 22 வருட அனுபவத்தில் ஆளை எடுப்பது வக்கீல். வக்கீல் ஆளைப் பார்ப்பார், ஒரு மனு அடிக்கச் சொல்லுவார், முடிவு சொல்லுவார். நிறுவனத்தில் முதல் சல்லடை மனிதர் இல்லை, படிவம். படிவத்துக்கு வேலை தெரியுமா என்பது தெரியாது, கட்டம் நிரம்பியிருக்கிறதா என்பது மட்டும் தெரியும். ‘சட்ட அறிவு விரும்பத்தக்கது’ என்ற சொல்லுக்கு 2023-லேயே இதுதான் அர்த்தம். அப்போது அந்த நிறுவனங்களில் ஒன்றுக்குப் போன் போட்டு “பட்டயப் படிப்பைக் கணக்கில் எடுப்பீர்களா?” என்று நான் கேட்டிருக்கலாம். கோர்ட் வளாகத்தில் முப்பது பேரிடம் கேட்டேன். நிறுவனப் பக்கம் ஒருவரிடமும் கேட்கவில்லை.

இதற்காக 56,640 ரூபாய்க் கட்டணம் சரி என்று ஆகிவிடாது. அந்தக் கட்டத்தை நிரப்ப அத்தனை பணம் தேவையில்லை. ஆனால் நான் கையால் தள்ளிவிட்ட திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பட்டயத்தை 2023 ஜூலையிலேயே சேர்ந்திருந்தால், வேலை பார்த்துக்கொண்டே 2024 கோடைக்குள் முடித்திருப்பார். அந்த அக்டோபரில் கட்டத்தில் ‘பட்டயம்’ என்று போட்டிருப்பார்.

இரண்டாவது முடிவு

2025 ஜனவரி சேர்க்கையில் அந்தப் பட்டயத்தில் சேர்ந்தார். சங்கிலி கழுத்திலேயே இருந்தது. கட்டணம் கைச்சம்பளத்திலிருந்தே போனது. பாடம் ஆங்கிலத்தில் என்பது முதலில் தடுமாற்றம். ஒப்படைப்புகளைத் தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதப் பழகினார். அதே சமயம் மடிக்கணினியும் வாங்கினார், பழையது, 22,500.

தனியார் நிறுவனத்துக்கே போகாமல் இருந்ததற்குக் காரணம் விலை மட்டும் இல்லை. அரசுப் பல்கலைக்கழகத்தின் பெயர் படிவத்தைப் பார்ப்பவருக்கு விளக்கம் தேவையில்லாமல் புரியும். தனியார் சான்றிதழை அவர்கள் மதிப்பார்களா என்று இந்தத் தடவை போன் போட்டே கேட்டோம், இரண்டு கடன் நிறுவனங்களில். ஒருவர் “பல்கலைக்கழகம் கொடுத்ததா?” என்று கேட்டார். இன்னொருவர் “படித்துக்கொண்டிருந்தாலே போதும், சேர்க்கை ரசீது காட்டுங்கள்” என்றார். இரண்டு போன், பத்து நிமிடம். இதைத்தான் 2023-ல் செய்யத் தவறினேன்.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். அதே தனியார் படிப்பை முடித்த ஒருவரை இந்த வருடம் சந்தித்தேன். சென்னையில் எல்.எல்.பி. முடித்து ஒரு மென்பொருள் நிறுவனத்தின் ஒப்பந்தப் பிரிவில் இருப்பவர். பாதிக் கட்டணத்தை நிறுவனமே கொடுத்ததாம். அன்றாடம் ஆங்கில ஒப்பந்தங்களோடு மாரடிக்கும் அவருக்கு அது உபயோகம். மறுபடி கேட்டாலும் கட்டுவேன் என்றார். பாடத்திட்டம் அவருக்காக எழுதப்பட்டது. எல்.கே.ஜி. குழந்தையை வைத்துக்கொண்டு மதுரைக்குள் வேலை தேடியவருக்கு விற்கப் பார்த்ததுதான் கோளாறு.

பின்னால் நடந்தது

2025 ஜூலையில் வேறொரு வீட்டுக்கடன் நிறுவனம். கட்டத்தில் ‘பட்டயம், படித்துக்கொண்டிருக்கிறேன்’ என்று போட்டார். நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். பட்டயத்தைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மேலாளர் ஒரு பழைய விண்ணப்பத்தின் நகலைக் கொடுத்து, பத்து நிமிடத்தில் என்ன குறை என்று சொல்லச் சொன்னார். முப்பது வருட வில்லங்கச் சான்று, தாய்ப் பத்திரம், கிரையப் பத்திரம், பட்டா.

இவர் இரண்டு குறை சொன்னார். பட்டா இன்னும் பழைய உரிமையாளர் பெயரிலேயே இருந்தது. இரண்டாவது, வில்லங்கச் சான்றில் ஒரு வங்கிக்கு கடனுக்காக உரிமை ஆவணங்களை ஒப்படைத்ததைக் காட்டும் எம்.ஓ.டி. ஆவணம் பதிவாகியிருந்தது, ஆனால் கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணம் அதற்குப் பின் எந்த வரியிலும் இல்லை. கடனை அடைத்திருக்கலாம், பதிவு செய்ய மறந்திருக்கலாம். ஆனால் காகிதத்தில் அந்தச் சொத்தின் மேல் இன்னும் ஒரு வங்கி உட்கார்ந்திருக்கிறது. மேலாளர் சிரித்திருக்கிறார், இரண்டாவதை அவர்கள் ஆளே முதலில் தவறவிட்டாராம். சம்பளம் 17,500. ஆகஸ்ட்டில் சேர்ந்தார்.

எம்.ஓ.டி.யும் ரசீதும் அவர் கற்றது வக்கீல் அலுவலகக் கட்டுகளில். ஊரக உள்ளாட்சி பற்றிய பாடப் புத்தகம் அதற்கு உதவவில்லை. ஆனால் அந்தப் பத்து நிமிடம் அவருக்குக் கிடைத்தது பட்டயத்தின் சேர்க்கை ரசீதால். இரண்டில் எது வேலை வாங்கிக் கொடுத்தது என்று எங்கள் வீட்டில் ஒரு வாதமே நடந்தது. நான் கட்டு என்றேன், என் மனைவி ரசீது என்றாள். அவள் சொல்வதில் எனக்கு இப்போது பாதிச் சம்மதம்.

மறுபடி செய்தால்

தள்ளுபடிக் கெடுவுக்குள் முடிவெடுக்காமல் இருந்ததை மாற்ற மாட்டேன். முதலில் வேலையில் சேர்ந்ததையும் மாற்ற மாட்டேன். அந்த அலுவலக அனுபவம் இல்லாமல் பட்டயம் மட்டும் இருந்திருந்தால் நேர்முகத்தில் வில்லங்கச் சான்றைத் தலைகீழாகப் பிடித்திருப்பார்.

மாற்றுவது இவை. எந்த வேலைக்குப் போக ஆசையோ அந்த வேலை கொடுப்பவர்களில் குறைந்தது மூன்று பேரிடம், எந்தப் படிப்பை ஏற்பீர்கள் என்று முன்கூட்டியே கேட்கச் சொல்வேன். வேலையையும் குறைந்த கட்டணப் பட்டயத்தையும் ஒரே மாதத்தில் தொடங்கச் சொல்வேன். ஒன்றை முடித்துத்தான் மற்றது என்று நான் வைத்த வரிசைக்குக் காரணமே இல்லை. 2024 அக்டோபரில் அந்த 18,000 ரூபாய் வேலை கிடைத்திருந்தால், பத்து மாதத்துக்கு மாதம் ஏழாயிரம் வீதம் எழுபதாயிரம் ரூபாய். தனியார் கட்டணத்தை மிச்சம் பிடித்தேன் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்ட தொகையைவிட அது அதிகம். அந்த வேலை நிச்சயம் கிடைத்திருக்கும் என்று சொல்ல முடியாதுதான். ஆனாலும் நோட்டில் ‘முடிவு சரி’ என்று எழுதியதை அடித்துவிட்டு ‘பாதி சரி’ என்று மாற்றியிருக்கிறேன்.

அப்புறம், முன்பதிவுப் பணம். அந்த இரண்டாயிரத்தைக் கட்டியபின்தான் என்னிடம் வந்தார். இப்போது யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது, “ஏற்கெனவே எவ்வளவு கட்டிட்டீங்க?” கட்டிய பணம் வீணாகிவிடக் கூடாதே என்ற எண்ணம் தள்ளும் தூரம் எனக்கு அன்றுதான் தெரிந்தது. இரண்டாயிரம் போய்விடுமே என்றுதான் அன்று ஒரு மணி நேரம் பேசினார், ஐம்பத்தாறாயிரத்தைப் பற்றி அரை மணி நேரம்.

பட்டயத்துக்கு டிசம்பர் தேர்வில் இரண்டு தாள் பாக்கி. வக்கீல் அலுவலகத்தில் அவர் இடத்துக்கு வந்திருக்கும் பெண் அதே எக்செல் தாளைத்தான் வைத்திருக்கிறாள். செக் வழக்குகளின் தேதிக் கட்டத்தில் சந்தேகம் வந்தால் இன்னும் இவருக்குத்தான் போன் போகிறது.